யார் சோறு போட்டார்கள்? கலிஃபோர்னியா பயணக் குறிப்புகள்

செப்டம்பர் 12, சான் ஃபிரான்சிஸ்கோ

இந்த ஊருக்கு வெயில் செப்டம்பரில்தான் வரும் என்று அண்ணன் சொன்னது சரிதான். காலை பத்து மணிக்கே ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன், மூன்று மணிக்குக் கடல் காற்று கிளம்பியதும் மறுபடி போட்டுக்கொண்டேன். கூட வருவது அண்ணன் மகள். ஃப்ரீமாண்டில் பிறந்து வளர்ந்தவள், கல்லூரியில் படிக்கிறாள். கார் ஓட்டுவது அவள், எங்கே போவது என்று சொல்வது நான். தங்கப் பாலம், வளைந்த தெரு எல்லாம் போன முறையே பார்த்தாயிற்று. இந்த நாட்டில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் உரிமை கேட்டு உட்கார்ந்த இடம், நின்ற இடம், நடந்த இடம், அதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. சிவில் உரிமை என்றால் நமக்கு உடனே மார்ட்டின் லூதர் கிங், அலபாமா, பேருந்து. அங்கேதான் எல்லாவற்றுக்கும் தீ மூண்டது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தீ மேற்குக் கரையில் யார் யார் வீட்டு அடுப்புக்குப் போனது என்பதைத் தமிழில் எழுதியவர்கள் குறைவு.

முதலில் டெண்டர்லாயின் போனோம். நகரத்தின் நடுவில் இருக்கும் ஏழைப் பேட்டை. நடைபாதையில் கூடாரங்கள், போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் மனிதர்கள். தள்ளுவண்டியில் தன் சாமான் மொத்தத்தையும் வைத்திருந்த ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி, பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், இந்தத் தெரு நல்ல தெரு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். டர்க் தெருவும் டெய்லர் தெருவும் சந்திக்கும் முனையில் தரையில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். இங்கே காம்ப்டன்ஸ் என்ற ராப்பகல் சிற்றுண்டிச்சாலை இருந்தது. 1966 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, போலீஸ்காரர் ஒருவர் ஒரு திருநங்கையின் கையைப் பிடித்து இழுக்க, அவர் சூடான காபியை அந்த ஆள் முகத்தில் வீசினார். அப்புறம் தட்டு, நாற்காலி, சன்னல் கண்ணாடி எல்லாம் பறந்தன. பாலினச் சிறுபான்மையினர் போலீஸை எதிர்த்து எழுந்த நியூயார்க்கின் ஸ்டோன்வால் கலகம்தான் உலகத்துக்குத் தெரியும், அதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்தது இது. ஆணாகப் பிறந்தவர் பெண் உடையில் வெளியே வந்தாலே குற்றம் என்று நகரச் சட்டம் இருந்த காலம், அந்தச் சட்டம் 1974 வரைக்கும் புத்தகத்தில் இருந்தது. நாளிதழ்கள் எதுவும் எழுதாததால் எந்தத் தேதி என்றுகூட யாருக்கும் தெரியாது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஐம்பதாம் எண், யுனைட்டட் நேஷன்ஸ் பிளாசா. சாம்பல் நிறக் கல் கட்டடம், மத்திய அரசு அலுவலகம். வாசலில் இருந்த காவலர், உள்ளே விட முடியாது அம்மா, ஆனால் நீங்கள் எதைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும், நாலாவது மாடி என்று விரலை உயர்த்திக் காட்டினார். மனசு நிறைந்துவிட்டது.

1973-ல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தில் 504-வது பிரிவு ஒரே ஒரு வாக்கியம். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தத் திட்டமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது. கறுப்பின மக்கள் உயிரைக் கொடுத்து வாங்கிய 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் வாசகத்தைப் பார்த்து எழுதியது அது. ஆனால் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் விதிமுறைகளில் நாலு வருடமாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று பல ஊர்களில் மாற்றுத்திறனாளிகள் சுகாதாரத் துறை அலுவலகங்களுக்குள் போய் உட்கார்ந்தார்கள். வாஷிங்டனில் சாப்பாடு உள்ளே வராமல் தடுத்தார்கள், ஒரு நாளைக்குச் சற்று அதிகமாகத் தாக்குப்பிடித்து வெளியே வர வேண்டியதாயிற்று. இந்தக் கட்டடத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கிட்டத்தட்ட நாலு வாரம் வெளியேறவே இல்லை. ஜூடி ஹியூமன், கிட்டி கோன் இருவரும் முன்னின்றார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், பார்வையற்றவர்கள், உதவியாள் இல்லாமல் படுக்கையில் திரும்பிப் படுக்கக்கூட முடியாதவர்கள். தொலைபேசியைத் துண்டித்தபோது காது கேளாதவர்கள் சன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே செய்தி சொன்னார்கள். மருந்து கெட்டுப்போகாமல் இருக்க ஏசியின் காற்று வரும் வாயில் ஒரு டப்பாவை டேப் போட்டு ஒட்டிக் குளிர்பெட்டி செய்துகொண்டார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தபோது அண்ணன் மகள் கேட்டாள்: "நாலு வாரம் என்ன சாப்பிட்டாங்க அத்தை? யார் சோறு போட்டது?"

கருஞ்சிறுத்தைகள். கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்ற, ஓக்லாந்தின் பிளாக் பேந்தர் கட்சி. உள்ளே இருந்தவர்களில் பிராட் லோமாக்ஸ் அந்தக் கட்சிக்காரர், நரம்பு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் தகவல் சொல்ல, கட்சிக்காரர்கள் தினமும் வளைகுடாவைத் தாண்டிச் சூடான சாப்பாடு கொண்டுவந்தார்கள். தங்கள் கட்சிக்காரருக்கு மட்டும் இல்லை, இருந்த அத்தனை பேருக்கும். வாசலில் தடுத்தபோது விட்டுக்கொடுக்கவில்லை. ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசஃப் கலிஃபானோ கையெழுத்துப் போட்டார். இன்று அமெரிக்கா முழுக்கப் பார்க்கும் சாய்தளம், அகலக் கழிப்பறை எல்லாம் இங்கே உட்கார்ந்தவர்கள் வாங்கித் தந்தவை. 1990-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக வந்த பெரிய சட்டத்துக்கும் இதுதான் அஸ்திவாரம்.

திரும்பும்போது ரயில் நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. சக்கர நாற்காலியில் வந்த பெண் ஒருவர் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, அடுத்த நிலையத்துக்கு நாற்காலியைத் திருப்பினார். கோபமாகத்தான் இருந்தது எனக்கு.

செப்டம்பர் 13, அல்கட்ராஸ் தீவு

படகு டிக்கெட் ஆளுக்கு ஐம்பது டாலரை நெருங்குகிறது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் அல் கபோன் இருந்த சிறைதான் வேண்டும். படகுத்துறையில் இறங்கியதும் தலைக்கு மேலே இருக்கும் பழைய அரசாங்கப் பலகையில் சிவப்புப் பெயிண்டில் 'இந்தியர்களை வரவேற்கிறோம்' என்று எழுதியிருக்கிறது. ஒருவர் அதைக் காட்டி, உங்களைத்தான் வரவேற்கிறார்கள் என்று என்னிடம் சிரித்தார். இல்லை, இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களை வரவேற்ற எழுத்து அது என்று அண்ணன் மகள் பொறுமையாக விளக்கினாள். அவர் நின்று கேட்டார்.

சிறையை 1963-ல் மூடினார்கள். அரசு கைவிட்ட நிலம் பூர்வகுடிகளுக்குத் திரும்பச் சேரும் என்பது பூர்வகுடிகளோடு அரசு போட்ட 1868 ஒப்பந்தத்தை வைத்து அவர்கள் எடுத்த வாதம். 1969 நவம்பர் 20 விடிவதற்கு முன்பு எண்பது தொண்ணூறு பேர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், படகில் வந்து இறங்கினார்கள். முன்னின்றவர்களில் இருவர், மோஹாக் இனத்து இளைஞர் ரிச்சர்ட் ஓக்ஸ், ஷோஷோன் பானக் இனத்து மாணவி லனாடா மீன்ஸ். தீவுக்கு விலையாக இருபத்துநாலு டாலருக்குக் கண்ணாடி மணியும் சிவப்புத் துணியும் தருகிறோம் என்று அறிக்கை விட்டார்கள். மன்ஹாட்டன் தீவை வெள்ளையர் வாங்கியதாகச் சொல்லப்படும் அதே விலை.

தீவில் குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. கடலோரக் காவல் படகுகள் மறித்து நிற்க, இரவில் சின்னப் படகுகளில் அரிசி, பீன்ஸ், தண்ணீர் வந்து சேர்ந்தது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி கூறும் நாளில் நகரத்து உணவகம் ஒன்று வான்கோழி விருந்தை அனுப்பியது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற இசைக்குழு படகு வாங்கவே பணம் கொடுத்தது. பொதுச் சமையல், பள்ளிக்கூடம், வானொலி எல்லாம் நடத்தினார்கள். போராட்டக்காரர்களில் ஒருவரான ஜான் ட்ருடெல் இந்தத் தீவிலிருந்து வானொலியில் பேசியதை மற்ற ஊர்களிலும் கேட்டார்கள்.

1970 ஜனவரியில் ஓக்ஸின் மகள், சின்னப் பெண், மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனாள். அந்தக் குடும்பம் தீவை விட்டுப் போய்விட்டது. அப்புறம் அரசு மின்சாரத்தை நிறுத்தியது, தண்ணீர்ப் படகை எடுத்துக்கொண்டது, தீ விபத்தும் நடந்தது. எரிந்த வார்டன் வீட்டின் சுவர்கள் மட்டும் கூரை இல்லாமல் நிற்கின்றன. 1971 ஜூன் 11 அன்று மிச்சம் இருந்த பதினைந்து பேரை இறக்கினார்கள். தீவு கிடைக்கவில்லை. ஆனால் 1970 ஜூலையில் அதிபர் நிக்சன், பழங்குடி இனங்களின் தனி அங்கீகாரத்தையே ஒழிக்கும் பழைய கொள்கையைக் கைவிடுவதாக நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அதே வருடம் டிசம்பரில் நியூ மெக்சிகோவின் டாவோஸ் மக்களுக்கு அவர்களுடைய புனிதமான நீல ஏரி திரும்பக் கிடைத்தது. தோற்ற போராட்டம் என்று யாராவது அல்கட்ராஸைச் சொன்னால் எனக்கு ஒப்புதல் இல்லை.

சிறைக்குள் எல்லோரும் காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு தப்பியோடிய கைதிகளின் கதை கேட்டார்கள். 1895-ல் ஹோப்பி என்ற பூர்வகுடி இனத்து ஆண்கள் பத்தொன்பது பேரை இதே தீவில் அடைத்துவைத்தார்கள். பிள்ளைகளை அரசாங்க உறைவிடப் பள்ளிக்குப் பிடித்துக் கொடுக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றங்களில் ஒன்று. அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளையைப் பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் அடிக்கும் பள்ளிகள் அவை. காற்று அடித்த அடியில் கண்ணில் தண்ணீர், படகில் வரும்வரை நிற்கவில்லை.

செப்டம்பர் 14, ஓக்லாந்து

இன்று அரை நாள்தான். மேற்கு ஓக்லாந்தில் ஒரு வீட்டுச் சுவர் முழுக்கக் கருஞ்சிறுத்தைப் பெண்களின் ஓவியம், நிறம் அப்படியே கண்ணில் ஒட்டிக்கொள்கிறது. துப்பாக்கி ஏந்திய ஆண்களின் படங்களைத்தான் உலகம் பார்த்தது. கட்சியில் பெண்கள் ஆண்களுக்குக் குறைவில்லாமல் இருந்தார்கள், சமைத்ததும் மருத்துவ முகாம் நடத்தியதும் பத்திரிகை அச்சடித்ததும் அவர்கள் கையில்தான் ஓடியது.

ஹியூ நியூட்டனும் பாபி சீலும் 1966 அக்டோபரில் ஆரம்பித்த கட்சி. 1969 ஜனவரியில் புனித அகஸ்டின் தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கினார்கள். முட்டை, ரொட்டி, பால். எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் அந்த மே மாதமே, இந்தக் கட்சியின் செயல்களில் மக்களிடம் அதிகம் செல்வாக்குப் பெற்றது காலை உணவுதான், அதனால் அதை முறியடிக்க வேண்டும் என்ற பொருளில் தன் ஆட்களுக்கு எழுதினார். குழந்தை சாப்பிடும் முட்டையைப் பார்த்து ஒரு அரசாங்கம் பயந்திருக்கிறது. மத்திய அரசின் பள்ளிக் காலை உணவுத் திட்டம் சோதனை முயற்சியாக 1966-லேயே இருந்தது, நிரந்தரமானது 1975-ல்.

ஐம்பத்தைந்தாம் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு போக்குவரத்து விளக்கு, அதன் பக்கத்தில் ஒரு பலகை. பிள்ளைகள் அடிபட்டுக்கொண்டே இருந்த முனை அது. நகராட்சி விளக்கு போடாததால் கட்சிக்காரர்களே நின்று பிள்ளைகளைக் கடத்திவிட்டார்கள், விளக்கு 1967-ல் வந்தது. நாங்கள் நின்ற நேரத்தில் சிவப்பு விழுந்தும் ஒரு கார் சீறிக்கொண்டு போனது, பக்கத்தில் நின்ற அம்மாள் தன் பேரனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டார். மதியம் பொரித்த கெளுத்தி மீனும் சோள ரொட்டியும், இரண்டு பேருக்கு முப்பத்தெட்டு டாலர். மீனில் மிளகு தூக்கலாக, அருமை.

செப்டம்பர் 15, ஸ்டாக்டன்

மலை தாண்டி உள்நாட்டுக்கு வந்ததும் வெயில் அடியோடு வேறு. மதியம் முப்பத்தெட்டு டிகிரி. வாடகைக் காரின் ஏசி வெந்நீர் ஆவியைத்தான் ஊதியது, மாற்றுக் கார் கேட்டால் நாளை மறுநாள்தான் என்றார்கள். சன்னலைத் திறந்துகொண்டு போனோம்.

இந்த ஊரில் எல் டொராடோ தெருவைச் சுற்றி லிட்டில் மணிலா இருந்தது. பிலிப்பைன்ஸுக்கு வெளியே பிலிப்பைன்ஸ்காரர்கள் அவ்வளவு பேர் சேர்ந்து இருந்த இடம் ஒரு காலத்தில் வேறு இல்லை. அஸ்பாரகஸ் வெட்ட வந்தவர்கள். 'பிலிப்பைன்ஸ்காரருக்கு அனுமதி கண்டிப்பாக இல்லை' என்று ஓட்டல் வாசலில் எழுதி வைத்திருந்த ஊர். பிற்பாடு நெடுஞ்சாலை போடுவதற்காகப் பேட்டையில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். மிச்சம் இருக்கும் இரண்டு மூன்று கட்டடங்களையும் நாங்கள் தேடித்தான் கண்டுபிடித்தோம்.

அப்புறம் சீக்கியர்களின் குருத்வாரா. அமெரிக்காவின் முதல் குருத்வாரா இது, 1912-ல் ஆரம்பித்தது. இந்தியாவில் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் புறப்பட்ட கதர் (Ghadar) கட்சிக்காரர்கள் வந்து தங்கிய இடம். தலையில் துணி கட்டிக்கொண்டு லங்கர் என்ற இலவசப் பந்தியில் உட்கார்ந்தோம், ரொட்டி, பருப்பு, கீர். எனக்குப் பரிமாறிய அம்மா நான் போதும் என்று கையைக் காட்டியதைக் கண்டுகொள்ளாமல் இன்னொரு ரொட்டி வைத்தார். எதிர்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் மெக்சிகோக்காரத் தொழிலாளிகள், வேலை இல்லாத நாளில் இங்கேதான் வருவோம் என்றார்கள்.

1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியர் வெள்ளையர் இல்லை, அதனால் குடியுரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களிடமிருந்தும் பிடுங்கினார்கள். இந்தியர்களுக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் 1946-ல் ஒரே சட்டத்தில் வழி கொஞ்சம் திறந்தது, வருடத்துக்கு நூறு நூறு பேர். பிறந்த நாட்டை வைத்து ஆளைத் தள்ளும் முறை போனது 1965 அக்டோபர் 3 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்துப் போட்ட சட்டத்தால். அலபாமாவின் செல்மா ஊரில் வாக்குரிமை கேட்டு அடிவாங்கிய கறுப்பின மக்களால் வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. இனம் பார்த்துச் சட்டம் போடுவது வெட்கக்கேடு என்ற எண்ணத்தை நாட்டுக்கு ஊட்டியவர்கள் அவர்கள். என் அண்ணன் இங்கே வந்ததும், ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இங்கே வீடு வாங்கியதும் அந்தக் கதவு வழியாகத்தான். இதை நம் ஆட்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கறுப்பர்களைப் பற்றிக் குறைவாகப் பேசும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். "எங்க வீட்டுலயும் பேசுவாங்க அத்தை" என்றாள் அவள் மெதுவாக. நான் சொல்கிறேன் அண்ணனிடம் என்றேன், சொல்லத்தான் போகிறேன்.

செப்டம்பர் 16, டெலானோ

நேற்று இரவு தங்கிய விடுதியில் ஈரத்துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்தோம். காலையில் வெளியே வந்தால் கார்களில் பச்சை வெள்ளை சிவப்புக் கொடி. இன்று மெக்சிகோவின் சுதந்திர நாள். பேக்கரியில் சோம்பு வாசனையோடு ரொட்டி, ஒன்று ஒரு டாலர் இருபத்தைந்து சென்ட். கல்லாவில் இருந்த பெண் நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டுவிட்டு, பையில் இரண்டு சேர்த்துப் போட்டு, இது திருநாளுக்காக என்றார்.

பிலிப்பைன்ஸ் சமூகக் கூடம் கிளென்வுட் தெருவில் இருக்கிறது. பார்வைக்கு ஒரு சாதாரணக் கல்யாண மண்டபம்போல. 1965 செப்டம்பர் 7 இரவு இங்கே கூடி, மறுநாள் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் என்று முடிவெடுத்தார்கள். மணிக்கு ஒரு டாலர் நாற்பது சென்ட், பெட்டிக்கு இருபத்தைந்து சென்ட், அவ்வளவுதான் கேட்டது. தலைமை லாரி இட்லியாங். 1929-ல் பதினைந்து வயதில் கப்பலேறி வந்தவர், விபத்தில் மூன்று விரல்களை இழந்தவர், ஏழு விரல்காரர் என்றே பேர். கூட நின்றவர்களில் பாதிக்கு மேல் வயதான தனிக்கட்டைகள். பிலிப்பைன்ஸ் பெண்கள் இங்கே வந்தது மிகக் குறைவு, வெள்ளைப் பெண்ணைக் கட்டக் கூடாது என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 1948 வரை இருந்தது. அதனால் கூலிக் கூடாரத்திலேயே நரைத்தவர்கள். வேலைநிறுத்தம் தொடங்கியதும் முதலாளிகள் கூடாரங்களில் தண்ணீரையும் கேஸையும் நிறுத்தினார்கள்.

இட்லியாங், மெக்சிகோ வழியினரின் சங்கத்தை நடத்திய செசார் சாவேஸிடமும் டொலோரஸ் உவெர்த்தாவிடமும் போனார். ஒரு கூட்டம் வேலையை நிறுத்தினால் இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்து உடைப்பதுதான் தோட்ட முதலாளிகளின் வழக்கம், இந்த முறை அது நடக்கக் கூடாது. சாவேஸின் சங்கம் இன்னும் தயாராகவில்லை. ஆனாலும் செப்டம்பர் 16 அன்று, அதாவது இதே நாளில், குவாடலூப் மாதா கோயில் மண்டபத்தில் கூடி, வேலைநிறுத்தத்தில் சேருவது என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

பிலிப்பைன்ஸ் சமூகக் கூடம் பூட்டியிருந்தது. வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோது பிக்கப் வண்டியில் வந்த ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். அவர் அம்மா மெக்சிகோக்காரர், வேலைநிறுத்தத்தில் இருந்தவர். வெயிலில் நின்றபடியே பின்பக்கச் சுவரைக் காட்டி, சமையலறை அங்கே என்றார். பிலிப்பைன்ஸ் சமையல்காரர்கள் பெரிய பெரிய சட்டியில் சோறும் மீனும் பாகற்காயும் செய்வார்களாம். சின்னப் பையனாக அந்தக் கசப்பைத் துப்பினாராம், அம்மா தலையில் ஒரு தட்டுத் தட்டி, இதைச் சமைத்தவர் நமக்காக வேலையை விட்டவர், சாப்பிடு என்றாராம். பிற்பாடு அவர் வீட்டிலேயே பாகற்கொடி போட்டார்கள், இன்னமும் இருக்கிறதாம். பாகற்காயைப் புளியும் வெல்லமும் போட்டுக் குழம்பு வைப்போம் என்று நான் சொன்னதற்கு அவர் செய்முறை முழுக்கக் கேட்டார். அண்ணன் மகள் மொழிபெயர்த்து, அவர் கைப்பேசியில் தட்டிக் கொடுத்தாள். வெல்லத்துக்குப் பிலோன்சில்யோ என்ற கரும்புக் கட்டி போதும் என்று அவரே முடிவுக்கு வந்தார்.

அஞ்சு வருடம் ஓடியது போராட்டம். திராட்சை வாங்காதீர்கள் என்று நாடெங்கும் கேட்டார்கள், மக்களும் நிறுத்தினார்கள். ஓக்லாந்தின் கருஞ்சிறுத்தைகள், திராட்சை விற்ற பேரங்காடி முன்னால் மறியல் செய்தார்கள். 1970 ஜூலை 29 அன்று முதலாளிகள் இங்கே வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஊருக்கு மேற்கே ஃபார்ட்டி ஏக்கர்ஸ் என்ற சங்க வளாகத்தில் கையெழுத்து நடந்த அந்தக் கூடம் இருக்கிறது. அதே வளாகத்தில் அக்பயானி கிராமம், நரைத்த பிலிப்பைன்ஸ் தொழிலாளிகள் கடைசிக் காலத்தில் கௌரவமாக இருக்க 1974-ல் கட்டியது. ஓடு போட்ட வராந்தா, ஆளுக்கொரு அறை.

இந்தக் கதையிலும் மனக்கசப்பு உண்டு. இரண்டு சங்கங்களும் சேர்ந்து ஒன்றானபின் அதில் பிலிப்பைன்ஸ்காரர்களின் குரல் ஒடுங்கியது, இட்லியாங் 1971-ல் விலகினார். 1977-ல் சாவேஸ் பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸின் விருந்தாளியாக மணிலா போனபோது, சங்கத்தின் பிலிப்பைன்ஸ் தலைவர்களில் ஒருவரான பிலிப் வெரா குரூஸ் மனம் வெறுத்து வெளியேறினார். ஆரம்பித்தவர்கள் பெயர் பள்ளிப் புத்தகத்தில் வரப் பல வருடம் ஆனது. அண்ணன் மகளுக்குச் சாவேஸை இரண்டாம் வகுப்பிலிருந்தே தெரியும், இட்லியாங்கை இந்த வாரம்தான் தெரியும்.

செப்டம்பர் 17, மான்சனார்

டெஹாசபி மலை ஏறி, மொஹாவி பாலைவனம் இறங்கி, வடக்கே மூன்று மணி நேரம். மாற்றுக் கார் கிடைத்துவிட்டது, அதனால் பயணம் சுகம். லோன் பைன் ஊரில் பெட்ரோல் மட்டும் காலன் ஆறு டாலருக்கு மேல்.

பெரிய மலைத்தொடர் ஒரு பக்கம், வெறும் புதர் மறுபக்கம். ஜப்பானோடு போர் நடந்த நேரம், 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால் மேற்குக் கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரை வீட்டை விட்டுக் கிளப்பிப் பத்து முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் இந்த நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். இங்கே மட்டும் பத்தாயிரம் பேர். இருபதுக்கு இருபத்தைந்து அடி அறையில் எட்டுப் பேர். மரப்பலகை இடுக்கு வழியே மணல் உள்ளே கொட்டும். பெண்கள் கழிப்பறையை அப்படியே திரும்பக் கட்டிவைத்திருக்கிறார்கள்: வரிசையாகப் பீங்கான்கள், நடுவில் மறைப்பே கிடையாது. அங்கே நின்ற ஐந்து நிமிடமும் நாங்கள் இருவரும் பேசவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கியபின் போவார்களாம் பெண்கள்.

இங்கேயும் சமையற்கட்டு வருகிறது. ஹாரி யுவெனோ என்ற சமையல்கூடத் தொழிலாளி, முகாமுக்கு வரவேண்டிய சர்க்கரையும் இறைச்சியும் எங்கேயோ போகிறது என்று கணக்குக் கேட்டவர், சமையல் ஆட்களைச் சங்கமாகச் சேர்த்தவர். சாப்பாட்டுக்குக் கால்கடுக்க நிற்கும் ஜனங்களுக்குப் பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று இருபத்திரண்டாம் பிளாக்கில் குளமும் தோட்டமும் உண்டாக்கியதும் அவர்தான். 1942 டிசம்பரில், ஒருவரை அடித்த வழக்கில் அவரைக் கைதுசெய்தபோது ஜனங்கள் திரண்டார்கள், ராணுவம் சுட்டது, இரண்டு இளைஞர்கள் செத்தார்கள், ஒருவனுக்கு வயது பதினேழு. மண் மூடிப்போன அந்தக் குளத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லை, கல் அடுக்கின அழகு அப்படியே இருக்கிறது.

ரால்ஃப் லாசோ என்ற பையனின் படத்தைக் கண்காட்சியில் பார்த்தோம். மெக்சிகோ, ஐரிஷ் வம்சாவளி. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளியில் தன் ஜப்பானிய நண்பர்களைக் கூட்டிப்போகிறார்கள் என்றதும் தானும் ரயிலேறி வந்துவிட்டான். யாரும் அவனை வம்சம் கேட்கவில்லை. 1944-ல் ராணுவத்துக்கு எடுக்கும்வரை இந்த மணலில்தான் இருந்தான். பிற்பாடு இழப்பீட்டுப் போராட்டத்திலும் சேர்ந்தார்.

1969 டிசம்பரில், அல்கட்ராஸில் பூர்வகுடிகள் குந்தியிருந்த அதே மாதம், நூற்றைம்பது பேர் குளிரில் இங்கே வந்து கல்லறையைச் சுத்தம்செய்தார்கள். பெரியவர்கள் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்த கதையைப் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான், அவர்களுக்குத் தைரியம் வந்தது கறுப்பின இயக்கத்தைப் பார்த்து. 1987-ல் இழப்பீட்டு மசோதா வந்தபோது ஓக்லாந்தின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ரான் டெல்லம்ஸ், தான் ஆறு வயதில் பார்த்ததைச் சபையில் சொன்னார்: தன் தெருவில் இருந்த ஜப்பானிய நண்பனை ராணுவ வண்டி ஏற்றிப்போனது. அடுத்த வருடம் ஆகஸ்ட் 10 அன்று சட்டமானது, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் இருபதாயிரம் டாலரும் மன்னிப்பும்.

கல்லறையில் வெள்ளைத் தூண், அதைச் சுற்றிக் காகிதக் கொக்கு மாலைகள். அண்ணன் மகள் அங்கே பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்த பூங்கா ஊழியரிடம், வருடாந்தர யாத்திரை எப்போது என்று கேட்டாள். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, எல்லா வம்சத்தாரும் வரலாம், முஸ்லிம் குடும்பங்கள் நிறைய வருகின்றன, 2001 நியூயார்க் தாக்குதலுக்கு அப்புறம் அவர்கள்மேல் சந்தேகம் விழுந்தபோது முதலில் போய் நின்றது ஜப்பானியர்கள்தான் என்றார் அவர். மதியச் சாப்பாடு அவரவர் கொண்டுவர வேண்டும், தண்ணீர் கூடுதலாகக் கொண்டுவரச் சொன்னார். அவள் தேதியைக் குறித்துக்கொண்டாள், கல்லூரித் தோழிகள் நாலு பேரை இப்போதே சேர்த்துவிட்டாள். புளியோதரை யார் செய்வது என்று காரில் ஏறியதும் பேச்சு ஆரம்பித்தது, பத்துப் பேருக்குக் கட்ட இரண்டு படி அரிசி வேண்டும் என்று நான் சொன்னேன், அவள் இருபது பேருக்குக் கணக்குப் போடுங்கள் அத்தை என்கிறாள்.